சோதனைச் செலவு வீண் செலவா?

நமது சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்பட்டபொழுது, சாயங்களைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிய வகையில் ஏற்பட்ட செலவைக் குறித்து அங்கத்தினர் சிலர் வினா எழுப்பினர். முதிய சாயத் தொழிலாளர் ஒருவர் எழுந்து, முழங்கை வரை நிறமேறிய தம் கரங்களை அவையோருக்கு உயர்த்திக் காட்டினார். "தலைவர் அவர்களே, நாற்பது ஆண்டுகளாக இந்தக் கைகள் சாயத் தொட்டியில் முழுகி எழுகின்றன. எனக்கு ஒரு குறையும் நேர்ந்ததில்லை. சோதனை என்னும் பெயரால் நெசவாளியின் லாபப் பங்கை ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்டார். பலர் தலையசைத்து ஆமோதித்தனர். நேரம் கடந்துவிட்டமையால் விடை கூறப்படாமலே கூட்டம் முடிந்தது.

அவர் கேட்டது நியாயமான கேள்வியே. உழைத்துப் பொருளீட்டுகின்றவனிடம் "இது அரசாங்க விதி" என்று மட்டும் கூறி வாயடைப்பது கூட்டுறவுக்கு அழகன்று. காரணத்தை எடுத்துரைத்தல் வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டறிவதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட இரு விஞ்ஞானிகளின் வரலாறே அம்முதியவருக்கு ஏற்ற விடையாகும் என்று நாம் கருதுகிறோம். அதில் நெசவாளருக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. நிலக்கடலை பயிரிடும் உழவருக்கும் உண்டு. தலைவலிக்கு மாத்திரை விழுங்கும் நம் எல்லோருக்கும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் என்பது தலைநகர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கெனவே மக்ஆர்டில் ஆராய்ச்சிக்கூடம் என்னும் நிலையம் உள்ளது. ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் என்னும் இருவர் அப்பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் பயின்று, 1942-ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டு, அந்நிலையத்திலேயே பல பத்தாண்டுகள் ஒன்றாக உழைத்தனர். எலிசபெத் அம்மையார் 1987-ஆம் ஆண்டிலும், ஜேம்ஸ் 2000-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். இரசாயனப் பொருள்கள் எவ்வாறு புற்றுநோயை விளைவிக்கின்றன என்னும் ஒரே கேள்வியையே அவர்கள் வாழ்நாள் முழுதும் பற்றி நின்றனர்.

அவர்கள் ஆராய்ச்சி ஒரு சாயத்திலிருந்துதான் தொடங்கிற்று என்பது நம்மவர் கவனத்திற்குரியது. அதன் வாணிகப் பெயர் 'பட்டர் எல்லோ' என்பது. வெண்ணெய் போன்ற உணவுப் பொருள்களுக்கு மஞ்சள் நிறமூட்டப் பயன்பட்டமையால் அதற்கு அப்பெயர் வந்தது. நூலுக்கு ஏற்றும் செயற்கைச் சாயங்களில் பெரும் பகுதி எந்த அஸோ வகையைச் சேர்ந்ததோ, அந்த வகையைச் சேர்ந்ததே இதுவும். 1930-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இத்தகைய சாயங்களை எலிகளுக்கு உணவோடு ஊட்டி வந்தபொழுது, அவற்றின் கல்லீரலில் புற்று தோன்றக் கண்டனர். பட்டர் எல்லோவின் தீமையைக் கினோசிட்டா என்பவர் 1937-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்.

ஆயின், காரணம் விளங்கவில்லை. அச்சாயம் அமிலத்தைப் போல் அரிப்பதன்று. பார்வைக்குச் சாதுவான பொருள். தோலைச் சுடாத, நாவை எரிக்காத ஒன்று கல்லீரலை எவ்வாறு கெடுக்கும்?

மில்லர் தம்பதியர் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையை நெசவாளர் பிறரினும் எளிதில் விளங்கிக்கொள்வர். சாயம் ஊட்டப்பெற்ற எலிகளின் கல்லீரலை எடுத்து அரைத்து, அதிலுள்ள புரதத்தைப் பிரித்து, சாயத்தைக் கரைக்கவல்ல திரவங்களில் மீண்டும் மீண்டும் அலசினார்கள். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சாயமாயின் அலசலில் போய்விட வேண்டும். போகவில்லை. ஒரு பகுதி புரதத்தோடு கெட்டியாகப் பிணைந்து நின்றது. கச்சாச் சாயத்திற்கும் கெட்டிச் சாயத்திற்கும் உள்ள வேற்றுமையை நம் சாயப்பட்டறைச் சிறுவனும் அறிவான். கச்சாச் சாயமாக வாய்வழிச் சென்ற பொருள் உயிருள்ள கல்லீரலுக்குள் கெட்டிச் சாயமாக மாறியிருந்தது. அவ்வாறு பிணையும் ஆற்றல் அதற்கு வெளியிலிருந்து வந்ததன்று. உணவையும் மருந்தையும் பக்குவம் செய்து வெளியேற்ற முயலும் நம் உடலே, அம்முயற்சியில் தவறி, சாதுவான ஒன்றை நஞ்சாக மாற்றிவிடுகிறது. இதுவே அவ்விருவரும் உலகுக்கு உணர்த்திய பேருண்மை.

இரண்டாவது பொருள் உழவரைப் பற்றியது. அசிட்டைல் அமினோ புளோரீன் என்பது பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் என்று எண்ணப்பட்ட ஓர் இரசாயனம். பயன்படுத்துவதற்கு முன்னர் அமெரிக்க விவசாய இலாகாவின் விஞ்ஞானிகள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பல உறுப்புகளில் புற்று கண்டது. 1941-ஆம் ஆண்டில் அவர்கள் இச்செய்தியை வெளியிட்டபின் அப்பொருள் வயலுக்கு வரவே இல்லை, சோதனைக்கூடத்தோடு நின்றுவிட்டது. எத்தனை உழவர் குடும்பங்கள் தம்மை அறியாமலே தப்பின என்று எவரும் கணக்கிட முடியாது. நேராத தீங்கிற்குக் கணக்கு ஏது? சோதனைச் செலவு நம் கணக்குப் புத்தகத்தில் பற்று வரியில் மட்டும் தோன்றி, வரவு வரியில் தோன்றாமைக்குக் காரணமும் இதுவே.

இப்பொருளையும் மில்லர் தம்பதியர் ஆராய்ந்தனர். 1960-ஆம் ஆண்டில், அவர்களும் அவர்களுடைய மாணவர் கிரேமரும், இதைத் தின்ற எலியின் சிறுநீரில் இதன் மாறிய உருவம் ஒன்றைக் கண்டனர். அம்மாறிய உருவம் மூலப்பொருளைக் காட்டிலும் வலிய புற்று விளைவிப்பதாக இருந்தது. இன்னொரு விந்தையும் வெளிப்பட்டது. சீமைப் பெருச்சாளி எனப்படும் கினிப்பன்றிக்கு மூலப்பொருளைக் கொடுத்தால் புற்று வருவதில்லை. அதன் உடல் அப்பொருளை அவ்வாறு மாற்றுவதில்லை. ஆயின், மாறிய உருவத்தையே அதற்குக் கொடுத்தபொழுது புற்று வந்தது. ஒரே பொருள், ஓர் உடலுக்கு நஞ்சு, மற்றோர் உடலுக்கு நஞ்சன்று. வேற்றுமை பொருளில் இல்லை. உடலின் பக்குவத்தில் இருக்கிறது.

முதியவரின் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. மனிதருக்குள்ளும் இத்தகைய வேற்றுமை உண்டு. ஒருவர் உடல் விரைவில் கழித்துவிடும் பொருளை மற்றொருவர் உடல் மெதுவாகவே கழிக்கும். அவர் கரங்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. அவர் நீடு வாழ்க. ஆயின், அவர் அருகில் நின்று தொட்டி கலக்கும் இளைஞனுக்கு அது உறுதிமொழியாகாது.

இரண்டாவது விடை காலத்தைப் பற்றியது. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர், மெஜந்தாச் சாயம் செய்யும் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டி தோன்றுவதை முதன்முதலில் எடுத்துரைத்தார். பின்னர் வந்த ஆராய்ச்சிகள், பென்சிடின், பீட்டா நாப்தைலமீன் ஆகிய பொருள்களைக் கையாண்டோரிடம் இந்நோய் மிகுந்திருப்பதை நிலைநாட்டின. வேலையில் சேர்ந்தபின் நோய் வெளிப்பட இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆவதுண்டு. அதற்குள் தொழிலாளி வேறு வேலைக்குச் சென்றிருப்பான். அல்லது ஓய்வு பெற்றிருப்பான். நோயையும் தொட்டியையும் இணைத்துப் பார்ப்பவர் யார்? மேலும், நோயுற்று மறைந்தவர்கள் பொதுக்குழுவிற்கு வந்து தம் கரங்களைக் காட்டுவதில்லை. எஞ்சியிருப்போர் கரங்களை மட்டுமே நாம் காண்கிறோம்.

பென்சிடின் தொழிற்சாலையோடு நின்ற தீமையன்று. 1884-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட காங்கோ சிவப்பு முதலாகப் பல டைரெக்ட் சாயங்கள் பென்சிடினை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டவை. படிகாரம் முதலிய துணைப்பொருள் வேண்டாமல், வெந்நீரில் உப்பிட்டுக் கரைத்தாலே பருத்தி நூலில் ஏறிவிடும் எளிமை கருதி அவை எங்கும் பரவின. உடலுக்குள் சென்றால், குடலிலுள்ள நுண்கிருமிகளும் கல்லீரலும் அச்சாயத்தை உடைத்துப் பென்சிடினை மீண்டும் விடுவித்துவிடும். ஜப்பானில் கியோட்டோ நகரத்துப் பட்டுக் கிமோனோக்களுக்கு வண்ணந்தீட்டும் கைவினைஞரிடையே சிறுநீர்ப்பைப் புற்று காணப்படுவதை 1971-ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். தூரிகையின் முனையை நாவால் ஈரப்படுத்திக் கூராக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. நம்மைப் போன்றே துணியை நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள்.

இது அயல்நாட்டுக் கதை என்றும் தள்ளிவிட முடியாது. பென்சிடினையும் அதன் சாயங்களையும் செய்த அகமதாபாத் தொழிலாளரின் சிறுநீரில் உதிர்ந்து வந்த செல்களை ஆராய்ந்து, அவற்றின் டி.என்.ஏ.யில் பென்சிடினின் மாறிய உருவம் பிணைந்திருப்பதை 1996-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. 1947-ஆம் ஆண்டில் மாடிசன் நகரத்து எலியின் கல்லீரலில் கண்ட கெட்டிச் சாயம், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இந்தியத் தொழிலாளியின் உடலிலேயே காணப்பட்டது.

மருந்துகளின் நிலையும் இதுவே. ஆலன் கானி என்னும் மாணவர் மில்லர் தம்பதியரோடு சேர்ந்து 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓர் இரசாயனத்தை உட்கொண்ட எலியின் கல்லீரல், வேறொரு பொருளைப் பக்குவம் செய்யும் நொதிகளை மிகுதியாக உண்டாக்கிக்கொள்கிறது என்று காட்டப்பட்டது. ஒரு மருந்து மற்றொரு மருந்தின் வேகத்தை மாற்றுவது ஏன் என்பதற்கு இது வழிகாட்டிற்று. இன்று வீடுதோறும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். உரிய அளவில் அது நல்ல மருந்து. உடல் அதன் பெரும் பகுதியைத் தீங்கின்றிக் கழித்துவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் கல்லீரலில் கொடிய உருவம் கொள்ளும். அதையும் குளுட்டாதயோன் என்னும் காவற்பொருள் உடனே அடக்கிவிடும். அளவு மிஞ்சினால் காவற்பொருள் தீர்ந்துபோக, அடங்காத பகுதி கல்லீரலின் புரதத்தோடு பிணைந்து அதை அழிக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்களின் விஞ்ஞானிகள் 1973-ஆம் ஆண்டில் இதை விளக்கினர். சாயத்தில் மில்லர் தம்பதியர் கண்ட அதே பிணைப்பு! விளைவு புற்றன்று, கல்லீரலின் திடீர் அழிவு; ஆயினும் வழி ஒன்றே. இவ்வழி தெரிந்தமையால்தான், காவற்பொருளை மீண்டும் நிரப்பும் மாற்று மருந்தும் கிடைத்தது. வளர்ந்தவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் இதை உட்கொள்ளலாகாது. தறிக்குழியில் நாளெல்லாம் அமர்ந்த உடல்வலிக்கு மாத்திரைமேல் மாத்திரை விழுங்குவோரும், மதுவருந்தும் பழக்கமுடையோரும் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

'செயற்கைப் பொருள்தானே தீது. இயற்கையில் விளைவது நல்லதுதானே?' என்று கேட்பார் உளர். வெளுத்ததெல்லாம் பாலன்று, விளைந்ததெல்லாம் அமுதுமன்று. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இனந்தெரியாத நோயால் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அப்பூசணத்தின் நஞ்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். அது கல்லீரலில் மாற்றமடைந்த பின்னரே டி.என்.ஏ.யைத் தாக்குகிறது என்பதை விளக்கியதில் மில்லர் தம்பதியரின் 1970-களின் ஆராய்ச்சிக்கும் பெரும் பங்குண்டு. கல்லீரல் இயற்கை என்றும் செயற்கை என்றும் வேறுபாடு பார்ப்பதில்லை.

எனவே நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினருக்கு நாம் சொல்வது யாதெனில்: பறித்த காயை ஈரத்தோடு அம்பாரம் போடாதீர்கள். குலுக்கினால் பருப்பு உள்ளே ஒலிக்கும் வரை உலர்த்துங்கள். உடைந்த காயையும் சுருங்கிய பருப்பையும் பொறுக்கி நீக்குங்கள். பூசணம் பிடித்ததைச் செக்குக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஆட்டியபின் நஞ்சின் பெரும் பகுதி பிண்ணாக்கில் தங்கும்; அதைத் தின்ற கறவை மாட்டின் பாலில் அது வேறுருவில் இறங்கும்; அந்தப் பாலை அருந்துவது நம் வீட்டுக் குழந்தை.

இத்தனை சொல்லியபின் எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்காமல் கூறுவது நம் கடமை. எலிகளுக்குக் கொடுத்த அளவு பெரிது. எலிக்கு நேர்வதெல்லாம் மனிதனுக்கு நேரும் என்பதில்லை. கினிப்பன்றியே அதற்குச் சான்று. அஸோ சாயங்கள் அனைத்தும் தீயவையும் அல்ல. உடைந்தால் கொடிய அமீன்களைத் தருபவை சில, தாராதவை பல. சாயம் என்றாலே அஞ்சி நெசவாளி தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. நாம் கூறுவது இதுவே: எது தீது, எது தீதன்று என்பதைக் கண்ணாலும் மூக்காலும் நாற்பதாண்டு அனுபவத்தாலும் பிரித்தறிய முடியாது. சோதனை ஒன்றே பிரித்தறியும். அச்சத்திற்கும் அலட்சியத்திற்கும் ஒரே மருந்து அதுதான்.

சட்டமும் இந்த அறிவிலிருந்தே பிறந்தது. ஜெர்மனி 1994-ஆம் ஆண்டில், இத்தகைய அமீன்களாகப் பிரியும் சாயமேறிய ஆடைகளைத் தடுத்தது. ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராம் என்பதே அதன் வரம்பு. இந்திய அரசாங்கமும் 1990-களில், பென்சிடின் சாயங்களும் பிற அஸோ சாயங்களுமாக 112 சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஆயின், ஏட்டிலுள்ள தடை சந்தையிலுள்ள பொட்டலத்தைத் தானாகத் தடுத்துவிடாது. பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில், "இதுவும் அதே நிறந்தான், விலை பாதி" என்று விற்பவர் இன்றும் வரக்கூடும். தனித்த நெசவாளி அந்தப் பொட்டலத்தை என்ன செய்வான்? சோதிக்க அவனிடம் பொருளில்லை. மறுக்க அவனிடம் வேலையில்லாத நாளைத் தாங்கும் வலிவில்லை. வாங்கிக் கரைப்பான்.

அவ்விடத்திலேதான் சங்கம் வேண்டியிருக்கிறது. ஒருவனால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ கூட்டுறவு ஏற்பட்டது? நூலை மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பது மட்டும் சங்கத்தின் வேலையன்று. ஒரு சரக்கை ஒருமுறை சோதித்தால், அச்சரக்கைக் கரைக்கும் அத்தனை பேருக்கும் அது காவலாகும். கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்கள் நம் அருகிலேயே இருக்கின்றன. பங்கிட்டுப் பார்த்தால் ஆளுக்கு விழும் செலவு சிறிது. பங்கிட முடியாத செலவு ஒன்றுண்டு. அது நோயாளியின் வீட்டார் தனியே சுமக்கும் செலவு.

ஆகவே அடுத்த பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் யோசனைகள் வருமாறு: சாயம் கொள்முதல் செய்யும்பொழுது, தடைசெய்யப்பட்ட அமீன்களைத் தாராதது என்னும் சான்றிதழைச் சரக்குதோறும் கேட்டு வாங்க வேண்டும். ஐயத்திற்குரிய சரக்கைச் சங்கச் செலவில் சோதிக்க வேண்டும். பெயரில்லாப் பொட்டலம் எவ்வளவு மலிவாயினும் பட்டறைக்குள் வரலாகாது. தொட்டியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கையுறையும், பொடியைக் கலக்குவோருக்கு முகமூடியும் சங்கமே வழங்க வேண்டும். கை கழுவாமல் பட்டறைக்குள் உண்பதும் வெற்றிலை போடுவதும் நிற்க வேண்டும். எவர் எந்தச் சாயத்தில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்கு ஒரு பேரேடு வேண்டும். இருபதாண்டு கழித்து ஒருவர் சிறுநீரில் இரத்தம் கண்டு மருத்துவரிடம் செல்லும்பொழுது, அந்தப் பேரேடு அவருக்காகப் பேசும்.

மில்லர் தம்பதியர் இருவரும் 1978-ஆம் ஆண்டில் தம் நாட்டின் தேசிய விஞ்ஞானக் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அவர்கள் பெற்ற பெருமையினும் பெரிது அவர்கள் பிறருக்கு விட்டுச்சென்ற வழி. பாக்டீரியாக்களோடு எலியின் கல்லீரற் சாற்றைச் சேர்த்து, ஒரு பொருள் உயிரணுவின் மரபைக் கெடுக்குமா என்பதைச் சில நாட்களில் கண்டறியும் முறையைப் புரூஸ் ஏம்ஸ் என்னும் விஞ்ஞானி 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்லீரற் சாறு எதற்கு? சாதுவான பொருளைக் கல்லீரல் நஞ்சாக்கும் என்னும் அந்தப் பழைய உண்மையை ஒட்டியே. ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான விலங்குகளை வைத்துப் பார்க்க வேண்டியதில் முதற்படி அவ்வளவு எளிதாயிற்று. சோதனை கடினமாக இருந்த காலத்தில் சோதிக்காதது அறியாமை; எளிதான பின்னும் சோதிக்காதது குற்றம்.

சோதிக்காமல் விடுவதால் சோதனை நடவாமற் போவதில்லை. எலிக்குப் பதிலாகத் தொழிலாளியின் உடலில் அது நடக்கும். முடிவு தெரிய இருபதாண்டு ஆகும். செலவுக் கணக்கை அவன் மனைவி மக்கள் எழுதுவர். பூச்சிக்கொல்லியாகாமல் 1941-லேயே நின்றுபோன அந்த இரசாயனம் ஒரு வழி. கியோட்டோவின் கைவினைஞர்கள் கண்டது மற்றொரு வழி. இரண்டில் எது வேண்டுமென்று தெரிந்தெடுக்கும் உரிமை நமக்கு இன்னும் இருக்கிறது.

கரங்களை உயர்த்திக் காட்டிய அப்பெரியவரிடம் நாம் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். சங்கத்தில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. பட்டறையில் அவரிடம் தொழில் கற்கும் இளைஞர் பலர். அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து இச்செலவை முன்மொழிவாராயின், அதை எதிர்த்துக் கையுயர்த்துவோர் ஒருவரும் இரார் என்று நாம் நம்புகிறோம்.